உங்களுக்குத் தெரியுமா? உப்பு, நீர், ஒரு மெல்லிய சவ்வு

நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி என்று எதில் சேர்ந்தாலும் முதலாண்டில் உடலியல் பாடம் உண்டு. அதன் தொடக்க அத்தியாயங்கள் அணு, அயனி, அமிலம், செல் என்றுதான் போகும். "இதெல்லாம் பிளஸ் டூவிலேயே படித்ததுதானே" என்று அவற்றைத் தள்ளிவிட்டு நேரே இதயத்துக்கும் மூளைக்கும் போகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போனால் பிறகு எல்லாவற்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டியிருக்கும். அந்த அத்தியாயங்களிலிருந்து சில துணுக்குகள் இங்கே.

★

நம் எடையில் 98 சதவீதத்துக்கு மேல் ஆறே தனிமங்கள்தான்: ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கால்சியம், பாஸ்பரஸ். ஆக்சிஜன் மட்டும் ஏறத்தாழ 65 சதவீதம். அதில் பெரும்பகுதி உடலில் இருக்கும் தண்ணீருக்குள் அடங்கியிருக்கிறது. சோடியம், பொட்டாசியம், இரும்பு, அயோடின் எல்லாம் மிச்சமுள்ள சொற்பத்தில் அடக்கம். ஒரு வளர்ந்த மனிதரின் உடலிலுள்ள மொத்த இரும்பே 4 கிராம் அளவுதான். அந்த 4 கிராம் குறைந்தால் என்ன ஆகும் என்பது இரத்தசோகை உள்ளவர்களைக் கேட்டால் தெரியும்.

★

சிட்னி ரிங்கர் லண்டனில் மருத்துவராக இருந்தவர். 1882ல் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவிட்டு ஆராய்ந்தார். சோடியம் குளோரைடும் கொஞ்சம் பொட்டாசியமும் இருந்தால் போதும், இதயம் வெகுநேரம் துடிக்கிறது என்று எழுதி வெளியிட்டும்விட்டார். பிறகுதான் தெரிந்தது, கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல் லண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள். காய்ச்சி வடித்த நீரில் மறுபடி செய்து பார்த்தார். துடிப்பு மெல்ல மெல்ல இளைத்து நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை இதயத்தை ஓட வைத்திருந்தது. 1883ல் அதையும் எழுதித் திருத்தினார்.

எலும்புக்குத்தானே கால்சியம் என்று நினைத்திருப்போம். தசை சுருங்குவதற்கான சமிக்ஞையே அதுதான். கை கால் தசைகள் தமக்கு வேண்டிய கால்சியத்தைச் செல்லுக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கின்றன. இதயத் தசைக்கோ உள்ளிருப்பு மட்டும் போதாது. ஒவ்வொரு துடிப்பின்போதும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் செல்லுக்குள் நுழைந்தாக வேண்டும். அதனால்தான் ரிங்கரின் தவளை இதயம் நின்றது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஆர்.எல். டிரிப்ஸ் இந்த ரிங்கர் கரைசலின் வாரிசு. 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மேன் அதில் லாக்டேட்டைச் சேர்த்தார்.

★

செல் சவ்வு இரட்டை அடுக்குக் கொழுப்பால் ஆனது என்று முதலில் காட்டியவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் இருவரும். ஆண்டு 1925. இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, நீரின் மேல் ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரப்பி அளந்தார்கள். செல்களின் மேற்பரப்பைப்போல அது இரண்டு மடங்கு வந்தது. உண்மையில் அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை. செல்லின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். ஒரு பிழையை மற்றது ஈடுகட்டி, விடை சரியாக வந்துவிட்டது!

★

இந்தத் தொகுப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அடுத்து வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கிறது, உள்ளே 10 முதல் 15 வரைதான். பொட்டாசியம் இதற்கு நேர்மாறு: உள்ளே 140, வெளியே 4. சவ்வில் கசிவு இருப்பதால் இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைக்காது. 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் சவ்விலேயே பதிந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யில் ஒரு மூலக்கூறு செலவாகும். நரம்பில் ஓடும் மின்சமிக்ஞை, சிறுநீரகம் உப்பை மீட்பது, குடல் சர்க்கரையை உறிஞ்சுவது எல்லாமே இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் நடக்கின்றன.

இந்தப் பம்பைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ. அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்ற மருத்துவர். மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து நரம்பில் எப்படி வேலை செய்கிறது என்று தேடப்போனவர், நண்டின் கால் நரம்பை அரைத்து ஆராய்ந்தபோது இந்த நொதி கிடைத்தது. கட்டுரை 1957ல் வந்தது. நோபல் பரிசு 1997ல்தான் வந்தது.

இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரை இந்தப் பம்பைக் கொஞ்சமாகத் தடுக்கிறது. செல்லுக்குள் சோடியம் சற்றுக் கூடுகிறது, அதனால் கால்சியம் வெளியேறுவது குறைகிறது, தசை வலுவாகச் சுருங்குகிறது. நம் ஊர் வேலியோர அரளியின் நஞ்சும் இதே பம்பைத்தான் முடக்குகிறது. பசுமையாக இருந்தாலும் ஆடு மாட்டை அரளிப் பக்கம் விடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இந்தச் சவ்வில் இருக்கிறது.

★

"சாம்பிள் ஹீமோலைஸ் ஆகிவிட்டது, மறுபடி எடுத்து அனுப்புங்கள்" என்று லேபிலிருந்து வார்டுக்கு வரும் போன் அழைப்பை நர்ஸுகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, குழாயை ஓங்கிக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்துவிடும். உள்ளே அடைபட்டிருந்த பொட்டாசியம் வெளியே கொட்டும். சுழற்றி எடுத்தால் வெளிர் மஞ்சளாக மேலே நிற்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக நிற்கும். நோயாளிக்குப் பொட்டாசியம் 4 தான். அறிக்கையில் 6, 7 என்று வரும். அதை நம்பி சிகிச்சை தொடங்கினால் ஆபத்து. மறுபடி ஊசி குத்துகிறார்களே என்று கோபப்படும் உறவினரிடம் இதைப் பொறுமையாக விளக்குவது நல்லது.

★

சலைன் பாட்டிலில் 0.9 சதவீத உப்பு இருப்பது ஏன்? அந்த அளவில் சிவப்பணு உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. வெறும் தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து வெடித்துவிடும்.

★

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் குளுக்கோஸ் எதற்கு? "தெம்புக்கு" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு.

குடலின் உள்வரிச் செல்களில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே விடும் ஒரு புரதம் இருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றது நுழையாது. சோடியம் போனால் அதைத் தொடர்ந்து நீரும் போகும். இந்தக் கருத்தை 1960ல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தவர் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர். காலரா நச்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் கொட்டச் செய்கிறது, சாதாரணமாக உப்பு உறிஞ்சப்படும் வழியையும் கெடுக்கிறது. இந்த இரட்டை வாசலை மட்டும் அது தொடுவதில்லை. வெறும் உப்புத் தண்ணீரால் காப்பாற்ற முடியாத நோயாளியை, உப்போடு குளுக்கோஸைச் சேர்த்தால் காப்பாற்றிவிடலாம் என்பதன் அடிப்படை இதுதான்.

1971ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போன்காவ் எல்லையில் அகதிகள் குவிந்தார்கள். காலரா பரவியது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் அங்கே பொறுப்பில் இருந்தார். டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா மூன்றையும் கலந்து பொட்டலம் போட்டு, டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். அதுவரை 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வாய்வழியாகக் கொடுப்பதை அன்று பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1978ல் 'லான்செட்' இதழ் இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது அமையலாம் என்று எழுதியது. மஹாலனாபிஸ் 2022ல் காலமானார். பத்ம விபூஷண் அதற்குப் பிறகுதான் அறிவிக்கப்பட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும்.

இன்றைய உலக சுகாதார நிறுவனப் பொட்டலத்தில், லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். கணக்குப் போட்டால் சோடியமும் குளுக்கோஸும் ஒரே அளவு, 75 மில்லிமோல். ஆகவே பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதி தட்டிப் பாதி மடித்து வைப்பது, குழந்தைக்குப் பிடிக்கட்டும் என்று மேலும் சர்க்கரை போடுவது இரண்டும் தவறு. சர்க்கரை மிகுந்தால் சவ்வூடு பரவலால் நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு அதிகமாகும். பாட்டில் குளிர்பானம் இதற்கு மாற்று ஆகாது.

★

சோடியம்–பொட்டாசியம் பம்புக்கு எரிபொருளாகும் ஏ.டி.பி.யை 1929ல் கண்டறிந்தவர்கள் ஜெர்மனியில் கார்ல் லோமன், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க், எல்லாப்ரகட சுப்பாராவ். சுப்பாராவ் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. அந்தப் பட்டத்தோடு கப்பலேறிய மனிதர், பாஸ்பரஸை அளக்கும் ஒரு முறையை ஃபிஸ்குடன் சேர்ந்து 1925ல் வகுத்தார். உயிர்வேதியியல் செய்முறை வகுப்புகளில் இன்றும் அது ஃபிஸ்க்–சுப்பாராவ் முறைதான். அந்தப் பெயரை நோட்டில் எழுதும் நம் மாணவர்களில் பலருக்கு அவர் சென்னையில் படித்தவர் என்பது தெரியாமலே போகிறது.

நம் உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.டி.பி. 250 கிராமைத் தாண்டாது. ஆனால் ஒரு நாளில் சிதைந்து மீண்டும் உருவாகும் ஏ.டி.பி.யைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும்.

★

ஏ.டி.பி.யை உருவாக்குவது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உண்மையாகவே சுழலும் ஒரு புரதம். ஹைட்ரஜன் அயனிகள் அதன் வழியே பாயும்போது அச்சு சுற்றுகிறது. வேகம் விநாடிக்கு நூறு சுற்றை எட்டும். அது வேலை செய்யும் விதத்தை விளக்கிய பாயர், வாக்கர் இருவருக்கும் 1997ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசின் மறுபாதி யாருக்கு என்றால், பம்பைக் கண்ட ஸ்கூவுக்கு. ஏ.டி.பி.யைச் செய்யும் புரதமும் செலவழிக்கும் புரதமும் ஒரே மேடையில்!

★

சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை, உட்கருவும் இல்லை. அதனால் தான் சுமக்கும் ஆக்சிஜனில் துளிகூட அது எரிபொருளுக்காக எடுத்துக்கொள்வதில்லை. ஆயுள் 120 நாள்.

★

தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றுக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு. அந்த வடிவம் வெளிப்பட்டது சென்னைப் பல்கலைக்கழகத்தில். ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்ரே படமெடுத்து ஆராய்ந்து, 1954ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அந்த மாதிரியை மெருகேற்றினார்கள். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின். மூன்று இழைகள் நெருங்கும் நடுப்பகுதியில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. ஓர் இடத்தில் கிளைசின் மாறிப்போனாலும், தொட்டால் முறியும் எலும்போடு குழந்தை பிறக்கக்கூடும். கயிறு இறுகுவதற்கு வைட்டமின் சி தேவை. அது கிடைக்காத மாலுமிகளுக்குத்தான் ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது, ஆறிய பழைய காயம்கூடத் திறந்துகொண்டது.

★

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009ல் நோபல் கிடைத்தது ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக. பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதிலிருந்து மாறுபட்டது. எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் கிருமியைத் தாக்கி நம்மை விட்டுவைப்பது அந்த வேறுபாட்டால்.

★

பி.எச். அளவுகோலை 1909ல் வகுத்த சோரன்சன் வேலை பார்த்தது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில். இரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் நடுவே நிற்க வேண்டும். 7.4லிருந்து 7.1க்கு இறங்குவது சிறிய மாற்றம்போலத் தெரியும். ஆனால் அதற்குள் ஹைட்ரஜன் அயனிகள் இரு மடங்காகிவிட்டன.

பயத்தில் வேக வேகமாக மூச்சு விடுகிறவர்களுக்கு விரல் நுனியும் உதட்டோரமும் ஊசி குத்துவதுபோல் மரத்துப்போகும். கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைகிறது. உடனே இரத்தப் புரதமான அல்புமின் கூடுதல் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. தனித்துத் திரியும் கால்சியம் குறைந்ததும் நரம்புகள் காரணமில்லாமல் கிளர்கின்றன. மூச்சை நிதானப்படுத்தினால் சிறிது நேரத்தில் சரியாகும்.

★

புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் நுரைப்பதற்குக் காரணம் நம் செல்களிலுள்ள கேட்டலேஸ் நொதி. ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு விநாடிக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெராக்சைடு மூலக்கூறுகளை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். இது உருளைக்கிழங்கிலும் இருக்கிறது. ஒரு பச்சைத் துண்டு, ஒரு வேகவைத்த துண்டு இரண்டையும் தட்டில் வைத்து, மருந்துக்கடைப் பெராக்சைடைச் சில சொட்டு விட்டுப் பாருங்கள். பச்சைத் துண்டில் நுரை பொங்கும். வெந்த துண்டில் எதுவும் நடக்காது. சூட்டில் நொதியின் மடிப்புக் கலைந்துவிட்டது.