கிளாத்தி மீன்: உப்பு பார்த்து வாங்குங்கள்

கிளாத்திக் கருவாட்டுத் தூள் மலிவாகக் கிடைக்கிறது, மிளகாய்க்கு உரமாகப் போடலாமா என்று குமரி மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கிளாத்தி, பாறைப் பார்களில் கூட்டமாகத் திரியும் மீன். கருநீல உடம்பு, சிவந்த பல் உள்ள வகைதான் விசைப்படகு மடிகளில் குவிகிறது. ஆபத்து வந்தால் பாறை இடுக்கில் புகுந்து முதுகு முள்ளை நிமிர்த்திக்கொள்ளும். முதல் முள்ளை இரண்டாம் முள் தாழ்ப்பாள் போலப் பூட்டிவிடும். அந்தச் சின்ன முள்ளை அழுத்தினால்தான் பெரியது மடங்கும். சுத்தம் செய்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் கை தப்பும். தோல் மாட்டுத்தோல் மாதிரி. செதில் சுரண்டப் பார்க்காமல் முழுத் தோலையும் உரித்துவிட வேண்டும். உள்ளே வெள்ளைச் சதை, வறுவலுக்கு நன்றாக இருக்கும். தோலைப் பார்த்தே பலர் ஒதுக்குகிறார்கள். அதனால்தான் இதில் பெரும்பங்கு மீன்தூளுக்கும் உரத்துக்கும் போகிறது.

மீன் உரத்தில் தழைச்சத்தும், முள்ளில் மணிச்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. பிரச்சினை உப்புதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி, கடையில் கழித்துப்போட்ட கருவாட்டை அவரைக் குழிகளில் இட்டிருந்தார். பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, பாதிக் கொடி போய்விட்டது. பூச்சி என்று நினைத்து மருந்துக்கு வேறு செலவழித்திருந்தார். முதலில் பார்த்தபோது எனக்கும் பிடிபடவில்லை. குழியைக் கிளறிய பிறகுதான் தெரிந்தது. தென்னை உப்பைத் தாங்கும். அவரை, பீன்ஸ், மிளகாய் நாற்று தாங்காது.

ஆகவே உப்பிடாமல் வெயிலில் காய்ந்த மீனா என்று கேட்டு வாங்குங்கள். நாக்கு நுனியில் துளி வைத்துப் பார்த்துத் துப்பினாலே தெரிந்துவிடும். கரித்தால் மிளகாய்க்கு வேண்டாம். உப்பில்லாத தூள் என்றால் மட்கிய தொழுவுரத்தோடு கலந்து அடியுரமாக மண்ணுக்குள் மூடுங்கள். மேலே தூவினால் இரவோடு இரவாக நாய்கள் பாத்தியைக் கிளறிவிடும்.

பச்சை மீன் கழிவு கிடைத்தால் மீன் அமிலமே செய்துகொள்ளலாம். தலை, குடல், தோலை நறுக்கி, சம எடை வெல்லம் கலந்து, பிளாஸ்டிக் வாளியில் இறுக மூடி நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் தேன் பதத்துக்கு வரும். கவுச்சி போய்ப் பழவாடை அடிக்கும். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் நாலு செடிக்கு அடித்துப் பாருங்கள்.

உப்புத் தூளை ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், வடிகால் உள்ள நிலமானால் நல்ல தண்ணீர் இரண்டு மூன்று முறை கட்டி வடித்துவிட்டு, மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் நிலையைப் பார்த்த பிறகு நாற்று நடுங்கள்.