குழாய் வாயும் குஞ்சு மீனும்

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் நம் வகுப்பிலேயே நாலைந்து பேர் உண்டு. "காலையில பாத்தா குஞ்செல்லாம் காணோம்டா" என்று அவர்கள் புலம்புவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அது நடந்தது. காரணத்தைத் தேடிப் போனபோது, நாம் ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் மனப்பாடம் செய்த ஒரே ஒரு சூத்திரத்தில் வந்து நின்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொடுமுடியில் எங்கள் வீட்டில் தங்கை கப்பி மீன் வளர்க்கிறாள். கப்பி முட்டையிடாது, குஞ்சாகவே போடும். ஒரு நாள் சாயங்காலம் இருபத்தி மூன்று குஞ்சுகள். ஒவ்வொன்றும் 7 மி.மீ. நீளம் இருக்கும். பெற்ற மீனே குஞ்சைத் தின்றுவிடும் என்பதால் பெரிய மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுத் தூங்கினோம். காலையில் எண்ணினால் பதினொன்றுதான் இருந்தது.

பில்டரைக் கழற்றினேன். பழைய விலைக்கு வாங்கியது. அடியில் இருக்க வேண்டிய சல்லடை மூடி இல்லாமலே வந்தது. உள்ளே இரண்டு குஞ்சு உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. மற்றவற்றைச் சொல்ல வேண்டாம். தங்கை அழுதுகொண்டே, "நீ மெஷின் படிக்கறயில்ல அண்ணா, இதுகூடத் தெரியாதா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

உடனே கொசுவலைத் துண்டு ஒன்றைக் குழாய் வாயில் வைத்து ரப்பர் பேண்டு போட்டேன். மறுநாள் குஞ்சு எதுவும் உள்ளே போகவில்லை. ஆனால் மூன்று குஞ்சுகள் வலையின் மேலேயே ஒட்டிச் செத்திருந்தன. அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

கணக்கு இதோ. பில்டர் மணிக்கு 300 லிட்டர் இழுக்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. அப்படியென்றால் ஒரு நொடிக்குச் சுமார் 83 கன செ.மீ. குழாய் வாயின் விட்டம் 12 மி.மீ., பரப்பு 1.13 சதுர செ.மீ. பாயும் அளவு என்பது பரப்பு பெருக்கல் வேகம். ஆகவே வாயில் தண்ணீரின் வேகம் நொடிக்கு சுமார் 74 செ.மீ! 7 மி.மீ. குஞ்சு, தன் உடம்பைப் போல ஐந்து மடங்கு தூரம் ஒரு நொடியில் நீந்தினாலும் 3.5 செ.மீ.தான் போகும். எப்படித் தப்பிக்கும்?

வலை ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. வலை போட்டதால் பரப்பு கூடவில்லை. நூல் கொஞ்சம் இடத்தை அடைத்ததால் கண்களுக்கு நடுவே வேகம் கூடத்தான் செய்யும். உள்ளே போய்ச் சாவது நின்று, வெளியே ஒட்டிச் சாவது தொடங்கியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. காவிரிக்கரைத் தோட்டத்தில் மோட்டார் பார்த்துக்கொள்கிறார். "ஏனுங்கப்பா, ஆத்துல போடற ஃபுட் வால்வுல மீன் ஒட்டாதுங்களா?" என்று கேட்டேன். "ஒட்டும் கண்ணு. அதுக்குத்தான் பெரிய கூடைக்குள்ள எறக்கறது. வாய் பெருசா இருந்தா மெதுவா இழுக்கும். தழை, மீனு எதுவும் அண்டாது" என்றார். நான் இரண்டு பக்கம் கணக்குப் போட்டதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அந்தக் கூடைதான் தொட்டிக்கும் வழி. 5 செ.மீ. விட்டமும் 8 செ.மீ. உயரமும் உள்ள உருளை ஸ்பாஞ்சை எடுத்து, நடுவில் துளையிட்டுக் குழாயில் சொருகினேன். அதன் சுற்றுப் பரப்பு சுமார் 126 சதுர செ.மீ. இப்போது தண்ணீர் ஸ்பாஞ்சை நெருங்கும் வேகம் நொடிக்கு 0.66 செ.மீ. மட்டுமே. நூறு மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது! குஞ்சுகள் ஸ்பாஞ்சின் மேலேயே இரை தேடி மேய்கின்றன.

செய்து பார்க்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீரும் கரண்டும் விளையாட்டல்ல.

2. மிக நெருக்கமான ஸ்பாஞ்சு வேண்டாம், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பாதி அடைத்தால் மீதிப் பாதி வழியாகத் தண்ணீர் வேகமாக இழுபடும். மோட்டாருக்குத் தண்ணீர் குறைந்தால் அது சூடேறும்.

3. வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். அதில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அவற்றைக் கொன்றுவிடும்.

4. குஞ்சுத் தொட்டிக்கு மட்டும் என்றால் காற்று பம்பில் ஓடும் ஸ்பாஞ்சு பில்டரே போதும். மேலேறும் காற்றுக் குமிழியே தண்ணீரைத் தூக்கிவிடும். அரைக்கும் இறக்கை கிடையாது.

5. பெரிய மீன் குழாயில் ஒட்டிக் கிடந்தால் உடனே பில்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். நல்ல மீன் நீந்தி விலகிவிடும். நோயில் தளர்ந்ததுதான் ஒட்டும். தண்ணீரை முதலில் பாருங்கள்.

இது தொட்டியோடு முடிகிற விஷயம் அல்ல. 1984-ல் வணிக ரீதியாக மின்சாரம் தரத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையம், குளிர்விக்கும் தண்ணீரைக் கடலுக்கடியில் 468 மீட்டர் சுரங்கம் வழியாக எடுக்கிறது. அங்கே கூட்டம் கூட்டமாக வரும் ஜெல்லி மீன்களைத் தடுப்பது ஒரு பெரிய வேலை. அமெரிக்காவில் 2014-ல் வந்த விதிப்படி, மின் நிலையங்கள் மீன்களைக் காக்கக் கடைப்பிடிக்கக்கூடிய வழிகளில் ஒன்று, சல்லடை வழியே போகும் தண்ணீரின் வேகத்தை நொடிக்கு அரை அடிக்குள், அதாவது சுமார் 15 செ.மீ.க்குள் வைப்பது. நாளை நம்மில் யாராவது பம்ப் ஹவுஸில் வேலைக்குப் போனால், எத்தனை லிட்டர் இழுக்கிறது என்பதோடு எத்தனை வேகத்தில் இழுக்கிறது என்றும் கேட்க வேண்டும் நண்பர்களே.

ஸ்பாஞ்சு போட்ட பிறகு ஒரு குஞ்சுகூட குழாயில் போகவில்லை. மீந்தவற்றில் எட்டு பெரிதாகிவிட்டன. தங்கை இப்போது தன் தோழிகளுக்கு ஸ்பாஞ்சு வெட்டிக் கொடுக்கிறாள்.