திருவாலங்காட்டு மரங்களும் அவற்றின் பெயர்களும்

திருத்தணிக்குத் தென்கிழக்கே உள்ள திருவாலங்காடு, மரத்தாற் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று. ஆல் நிறைந்த காடு ஆலங்காடு. அதனையே வடமொழியாளர் வடாரணியம் என்றனர். 'வடம்' ஈண்டு ஆலமரத்தைக் குறிக்குமேயன்றி வடதிசையைக் குறிப்பதன்று.

இவ்வூர்ச் செடிகொடிகளை அறிய விழைவார்க்குப் பழைய சான்றாக நிற்பன, காரைக்காலம்மையார் அருளிய மூத்த திருப்பதிகங்கள். இடுகாட்டைப் பாடப்புகுந்த அம்மையார், முட்காடு என ஒரு சொல்லிற் கூறி அமையாது, எட்டி, இலவம், ஈகை, சூரை, காரை, கள்ளி, வாகை எனத் தனித்தனியே பெயர் சுட்டுகின்றார்.

இவற்றுட் சிலவற்றை நோக்குவோம். சூரை, கொக்கிபோல் வளைந்த முள்ளாற் பிற மரங்களைப் பற்றிப் படர்வது. காரை, இணையிணையாக முள்ளுடைய குறுஞ்செடி. அதன் மஞ்சட்பழம் உண்ணத்தக்கது. எட்டியின் வித்தோ கொடிய நஞ்சு. அதன்கண் உள்ள ஸ்டிரிக்னைன் என்னும் பொருளைப் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1818-இல் இவ்வினத்து வித்துக்களினின்றும் பிரித்தெடுத்தனர். வாகையின் நெற்றுக்கள் வேனிலில் உலர்ந்து, காற்றில் விதை குலுங்க ஒலிப்பன. அவ்வொலியை அம்மையார் நள்ளிருளில் நம்மைக் கேட்பிக்கின்றார். கண்டும் கேட்டும் அறிந்தாரன்றிப் பிறர் இங்ஙனம் பாடுதல் அரிது.

இந்நிலம் இருமொழியும் வழங்கும் எல்லைநிலம். திருத்தணி வட்டம் 1960-இலேதான் ஆந்திரத்தினின்றும் நம் மாநிலத்தோடு இணைந்தது. ஆகலின் நாம் ஆல் என்பதனை அயலார் மர்ரி என்பர். எட்டியை முஷ்டி என்பர். வாகையைத் திரிசனம் என்பர். மரம் ஒன்றே, பெயர் பல. இக்குழப்பம் நீங்கவே லின்னேயஸ் என்பார் 1753-இல் செடியினம் ஒவ்வொன்றற்கும் இருசொற்பெயர் அமைத்தார். எனினும், அப்பெயர் நூலோர்க்கு உரியது; ஊரார் நாவில் வழங்குவது தாய்மொழிப் பெயரே.

இந்நாளில் அப்பெயர்கள் மறைந்து வருகின்றன. சூரையும் காரையும் ஈகையும் 'முட்புதர்' என்னும் ஒரு சொல்லுள் அடங்கின. பெயரறியாதார்க்கு, அமெரிக்காவினின்றும் வந்து பரவிய சீமைக்கருவேலும் நம் நிலத்துக் காரையும் ஒன்றே. தரிசு திருத்துவோர் இரண்டினையும் ஒருங்கே வெட்டியெறிவர். இழந்தது இன்னதென்பதும் அறியார். பெயர் மறைந்த மரத்திற்காகப் பரிந்து பேசுவார் யார்?

ஆதலின், தமிழ் பயிலும் நாம் செய்யுளிற் காணும் மரப்பெயர்க்கு 'ஒருவகை மரம்' என்று பொருளெழுதி அமைதல் போதாது. ஏட்டை மூடி வெளியே சென்று, ஊர் முதியோரையும் ஆடுமேய்ப்போரையும் வினவி, பெயரையும் மரத்தையும் ஒருங்கே கண்டு தெளிவோமாக.