கட்டாத பாலத்தின் படம்

டீ ஆறுவதற்குள் ஒரு பாலத்தைப் பார்த்துவிட்டு வருவோம். இங்கிலாந்தின் தென்மேற்கே, கார்ன்வால் கடற்கரையில் டின்டாஜல் கோட்டை இருக்கிறது. பாதி கரையில், பாதி கடலுக்குள் நீண்ட பாறையில். இரண்டையும் சேர்த்திருந்த நிலம் அரித்துப்போன இடத்தில் 2019இல் ஒரு நடைபாலம் திறந்தார்கள். இரு பக்கத்திலிருந்தும் இரண்டு எஃகுக் கைகள் நீள்கின்றன, நடுவில் தொட்டுக்கொள்வதில்லை. இடைவெளி 40 மில்லிமீட்டர், இரண்டு விரற்கடை.

இதன் வடிவத்தை 2016இல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னும் இல்லாத பாலத்தைக் காற்றோடும் ஈரத்தோடும் நம் கண்முன் நிறுத்துவது எப்படி?

முதலில் பாறையையும் பாலத்தையும் அளவு பிசகாமல் கம்ப்யூட்டரில் கட்டுவார்கள். பிறகு ரெண்டரிங். அதாவது, நம் கண்ணிலிருந்து ஒரு நூலை இழுத்து, அது எதில் முட்டுகிறது, அங்கே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கும். ஒரு படத்துக்குக் கோடிக்கணக்கான நூல்கள்.

அடுத்தது பனிமூட்டம். இங்கேதான் எல்லோரும் தவறுகிறோம். அழகுக்காகவோ குறையை மறைக்கவோ பனியைப் பூசுகிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். மலைப்பாதையில் போனதை நினைத்துப் பாருங்கள்: முதல் மலை பச்சை, அடுத்தது நீலம், அதற்கும் அப்பால் வெளிர்சாம்பல். நடுவிலுள்ள காற்றுதான் நமக்குத் தூரத்தைச் சொல்கிறது. அதையே கம்ப்யூட்டரும் செய்கிறது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவு என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தனியாக எடுத்துக்கொண்டு, தொலைவு கூடக்கூடப் பனியைக் கூட்டுகிறது. பனி இல்லாவிட்டால் எதிர்ப்பாறை பாலத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். நடுவிலிருக்கும் பள்ளமே காணாமல் போகும். பனி வந்ததும் கிட்டத்துக் கை கருத்து நிற்கும், எட்டத்துக் கை வெளிறும், வயிற்றில் லேசாகக் கூசும்.

அளவு மீறினாலும் கெடுதல்தான். இந்தப் பாலத்தின் தரையில் பக்கத்து டெலபோல் குவாரியின் சிலேட்டுக் கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கியிருக்கிறார்கள். மழை விட்டதும் அந்த மெல்லிய விளிம்புகள் ஒவ்வொன்றாக மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பனி தின்றுவிடும் படத்தை நான் நல்ல படம் என்று சொல்லமாட்டேன்.

இனி அந்த இரண்டு விரற்கடை. ஏறத்தாழ 70 மீட்டர் பாலத்தைப் பக்கவாட்டில் 3,500 புள்ளி அகலப் படமாக்கினால், அந்த இடைவெளிக்குக் கிடைப்பது இரண்டே புள்ளி. கண்ணுக்கே தெரியாது. அதனால் நானாக இருந்தால் சரியாக அந்த இடத்தில் ஓர் ஆளை நிறுத்துவேன், குனிந்து தன் காலடியைப் பார்க்கிற மாதிரி.