அணையைக் காப்போம், உடைப்பை அடைப்போம்!

“இரண்டாவது அவை எதற்கு? வீண் செலவுதானே?” என்று வினவுவோர் உளர். வெள்ளம் வரும்வரை அணைகூட வீண் செலவுதான், தோழர்களே!

1989-ஐ எண்ணிப் பாருங்கள். 1984 தேர்தலில் 400-க்கும் மேற்பட்ட இடங்களை வென்ற ராஜீவ் காந்தி ஆட்சி, ஊராட்சிகளுக்கென 64-வது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. மாநிலங்களை ஓரங்கட்டிவிட்டு டில்லி நேரே ஊராட்சியின் கையைப் பிடிக்கிறது என்று எதிர்க்கட்சிகள் முழங்கின. மக்களவை ஏற்றது. மாநிலங்களவையிலோ மூன்றில் இரு பங்கு வாக்குக் கிட்டவில்லை, மசோதா வீழ்ந்தது. ஊராட்சி அழிந்ததா? இல்லை! மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கூடுதல் இடம் தந்து, 1992-ல் 73-வது திருத்தமாக நிறைவேறியது. தடுத்தது கெடுப்பதற்கன்று, திருத்துவதற்கு!

ஆனால், அந்த அணை முழுமையானதா? அமெரிக்காவிலே, ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும், ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் செனட்டில் சரிசமமாக இரண்டிரண்டு இடம். இங்கோ உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1! மக்களவையிலும் பெரியவனே பெரியவன், மாநிலங்களவையிலும் பெரியவனே பெரியவன் என்றால், சிறியவன் முறையிட எந்த மன்றம்?

2003-ல் மற்றொரு கல்லும் பெயர்ந்தது. எந்த மாநிலத்தின் சார்பில் உறுப்பினராகிறாரோ, அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்கவேண்டும் என்ற விதியையே எடுத்துவிட்டனர். ஊரறியாதவர் ஊருக்காக வாதாடுவாரா?

மாநிலங்களவையை ஒழிக்கச் சொல்லவில்லை நாம். மாநிலங்களின் அவை என்ற பெயருக்கு உரிய பொருளைக் கொடு என்கிறோம்!