லாரி திருடு போனால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

சங்ககிரி பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலரை மணிக்கு போன் அடிக்கிறது. "டீ குடிக்க எறங்குனேனுங்கண்ணா... திரும்பி வந்து பாத்தா வண்டியக் காணோமுங்க!" டிரைவரின் குரல் நடுங்குகிறது. இங்கே ஓனருக்கு நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. மனைவி தண்ணீர்ச் செம்போடு ஓடி வருகிறார்.

'ஹெல்த் பத்திரிகையில் லாரிக் கதை எதுக்குங்க?' என்று கேட்காதீர்கள். சேலம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒரே ஒரு லாரியை ஃபைனான்ஸில் எடுத்து, அதை நம்பியே பிள்ளைகள் படிப்பு, பெண்ணின் கல்யாணம் என்று ஓட்டுகிற குடும்பங்கள் ஏராளம். வண்டி காணாமல் போனாலும் தவணை நிற்காது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்?

"அதான் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கோமே!" என்பார்கள். எந்த இன்ஷூரன்ஸ்? 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்று சொல்வது 'தேர்ட் பார்ட்டி' மட்டும்தான். நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு அது. நம் வண்டி களவு போனால் அதில் ஒரு பைசா பெயராது. 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிஸி இருந்தால்தான் பணம். 'பழைய வண்டிதானே' என்று பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பாலிஸியை எடுத்து, 'ஓன் டேமேஜ்' என்ற இடத்தில் தொகை போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கிடைப்பது வாங்கின விலையும் அல்ல. பாலிஸியில் 'ஐ.டி.வி.' என்று குறித்த தொகைதான் உச்சவரம்பு. வழக்கமான கணக்குப்படி, மூன்று வருடம் தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம் கழிப்பார்கள். 30 லட்ச ரூபாய் லாரி என்றால் 18 லட்சம். அதிலும் கடன் பாக்கி இருந்தால் முதலில் ஃபைனான்ஸ்காரருக்கு, மிச்சம்தான் உங்களுக்கு. உள்ளே இருந்த சரக்குக்கு இந்த பாலிஸி பொறுப்பில்லை, அதற்குத் தனி இன்ஷூரன்ஸ் வேண்டும். வண்டி இருந்து ஸ்டெப்னியோ பேட்டரியோ மட்டும் திருடு போனால், லாரி பாலிஸியில் பெரும்பாலும் கை விரித்து விடுவார்கள்.

சரி, ஃபுல் இன்ஷூரன்ஸே இருக்கிறது. அப்படியும் கம்பெனி மறுப்பது ஏன்? அடிக்கடி சொல்லும் காரணம், 'எங்களுக்குத் தாமதமாகச் சொன்னீர்கள்' என்பது. இதில் சுப்ரீம் கோர்ட் நமக்கு நல்ல வழி காட்டியிருக்கிறது. 2010-ல் ஒரு டிராக்டர் திருடு போனது. அன்றே போலீஸில் புகார் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்குச் சொன்னதோ 52 நாள் கழித்து! கம்பெனி மறுத்தது. 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், போலீஸுக்கு உடனே சொல்லியிருக்கும்போது இந்தத் தாமதத்தை மட்டும் காட்டி மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆக, உயிர்நாடி போலீஸ் புகார்தான். அதற்காகக் கம்பெனிக்கு மெதுவாகச் சொல்லலாம் என்று அர்த்தமில்லை. அந்த டிராக்டர்காரர் பத்து வருடம் அலைந்திருக்கிறார், பாருங்கள்!

அடுத்தது சாவி. வண்டியிலேயே சாவியை விட்டு இறங்குவது நம் டிரைவர்கள் பலருக்கும் பழக்கம். அப்படித் திருடு போன ஒரு லாரியின் வழக்கில் 2023 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் 75 சதவீதம் தரச் சொன்னது. முழுசாக மறுக்கவில்லை, ஆனால் கால் பங்கு போனது போனதுதான். ரிஜிஸ்ட்ரேஷன் விஷயத்தில் அந்தக் கருணையும் இல்லை. தற்காலிக ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்த பிறகும் ஓட்டிய ஒரு பொலிரோ களவு போனபோது, கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021-ல் சொல்லிவிட்டது.

எனவே டிரைவர் போன் செய்த உடனே, "அங்கேயே பக்கத்து ஸ்டேஷனுக்குப் போப்பா" என்று சொல்லுங்கள். 112-க்கும் போன் செய்யச் சொல்லுங்கள். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போடலாம், 'எங்க லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்பக்கூடாது. நகலும் இலவசம். அன்றே கம்பெனிக்குப் போனிலும் எழுத்திலும் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ.வுக்கும் ஃபைனான்ஸுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். இரண்டு சாவியையும் கம்பெனி கேட்கும். பீரோவில் இருக்கிறதா, தொலைந்து போய்விட்டதா என்று வீட்டில் இப்போதே தேடி வையுங்கள். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற போலீஸ் ரிப்போர்ட் வந்த பிறகுதான் பொதுவாகப் பணம் நகரும். அதற்குச் சில மாதம் பிடிக்கும்.

கம்பெனி மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி, இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேலத்திலும் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு.

அந்த விடியற்காலை ஓனரை மறந்துவிடவில்லை. படபடப்பு அடங்காமல் நெஞ்சு வலியும் வியர்வையும் இருந்தால், பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பறக்கவேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள். புகார் கொடுக்க டிரைவரே போதும்.