அரண்மனைக்கும் வாக்குப்பெட்டிக்கும் நடுவே ஒரு கட்சி

தாய்லாந்தில் இன்று இயங்கும் கட்சிகளில் மிகப் பழையது ஜனநாயகக் கட்சி. 1946 ஏப்ரலில் தொடங்கப்பட்டபோது, அது அரச விசுவாசிகளின் முகாமாகவே உருவெடுத்தது. ஆனால் அதன் முதல் தலைவர் குவாங் அபைவோங், 1932-இல் முழு முடியாட்சிக்கு முடிவுகட்டிய புரட்சிக் குழுவில் இருந்தவர். அவரை அரச விசுவாசிகள் எப்படித் தலைவராக ஏற்றார்கள்?

பொது எதிரி ஒருவர் இருந்தார்: பிரிதி பனோம்யோங். அந்தப் புரட்சியின் மூளையாக விளங்கியவர். 1946 மார்ச்சில் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் தோற்று குவாங் பிரதமர் பதவியிலிருந்து விலகவே, பிரிதி பிரதமரானார். அவரை எதிர்த்தவர்கள் குவாங்கின் பின்னால் திரண்டார்கள். செனி பிரமோஜ், குக்ரித் பிரமோஜ் என்ற அரச வம்சத்துச் சகோதரர்களும் அவர்களில் இருந்தனர். குவாங்மீது அரச விசுவாசிகளுக்கு நன்றியுணர்வும் இருந்தது. புதிய ஆட்சிக்கு எதிராக அரச விசுவாசிகள் நடத்திய 1933 கிளர்ச்சியில் சிறைப்பட்ட பலர் விடுதலையானது அவர் ஆட்சியில்தான்.

அதே ஆண்டு ஜூனில் இளம் மன்னர் ஆனந்த மகிடோல் அரண்மனையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார். பழி பிரிதிமேல் விழும்படி வதந்தி பரப்பியதில் கட்சியினருக்குப் பங்கிருந்தது. அதன் வரலாற்றில் அழியாத கறை அது. 1947 நவம்பரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி குவாங்கைப் பிரதமராக்கியது. மறு ஜனவரித் தேர்தலில் கட்சி முதலிடம் பெற்றும் பயனில்லை. ஏப்ரலில் அதே ராணுவம் அவரை வெளியேற்றியது.

1968-இல் இறக்கும்வரை குவாங்கே தலைவர். அடுத்து 1979 வரை செனி. 1991-இல் தலைமையேற்ற வழக்கறிஞர் சுவான் லீக்பாய் தெற்கே ட்ராங் மாகாணத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அரச வம்சத்தின் நிழலோ ராணுவத்தின் துணையோ இல்லாமல், இருமுறை பிரதமரானார்: முதல்முறை தேர்தல் வழியே, அடுத்தமுறை நாடாளுமன்றக் கூட்டணி மாற்றத்தால். கட்சியின் மிக நல்ல காலம் அதுவே என்பேன்.

2005-இல் தலைமைக்கு வந்த அபிசித் வெச்சாச்சீவா காலத்தில் பாதை மாறியது. அப்போதைய பிரதமர் தக்சின் ஷினவத்ரவைத் தேர்தலில் வெல்ல முடியாத கட்சி, 2006 தேர்தலைப் புறக்கணித்தது. அரசியலமைப்பின் 7-ஆவது பிரிவைக் காட்டி, மன்னரே பிரதமரை நியமிக்க வேண்டும் என்றும் கேட்டது. அந்த ஏப்ரலில் நீதிபதிகளிடம் பேசிய மன்னர் பூமிபோல், அப்படி நியமிப்பது ஜனநாயகம் ஆகாது என்று சொல்லிவிட்டார். அரசரின் பெயரால் அரசியல் செய்தவர்களுக்கு அரசரே சொன்ன பதில் அது. அதன் பிறகும் கட்சி பாடம் கற்கவில்லை. 2014 தேர்தலையும் புறக்கணித்தது.

2011-இல் 159 இடங்கள் வென்ற கட்சிக்கு 2023-இல் கிடைத்தவை 25. 2019-இலும் 2023-இலும் பாங்காக்கில் ஒரு தொகுதிகூட இல்லை. 2019 தோல்விக்குப் பொறுப்பேற்று விலகிய அபிசித், ராணுவத் தளபதியாக இருந்து பிரதமரான பிரயுத்தை ஆதரிக்கக் கட்சி முடிவெடுத்ததும் எம்.பி. பதவியையும் துறந்தார். 2025 அக்டோபரில் கட்சி அவரையே மறுபடி தலைவராகத் தேர்ந்தெடுத்தது.